ஏத்தங்காய் பழுக்க ஒரு பழம் போதும்

களியக்காவிளைப் பக்கம் ஓணம் நெருங்கினால் ஏத்தன், அதாவது நேந்திரன் வாழைக் குலை விலை ஏறிவிடும். அதனால் நாங்கள் முன்கூட்டியே காயாக வாங்கிவிடுவோம். பழுக்க மருந்தெல்லாம் வேண்டாம். பானையில் வாழைச் சருகு விரித்து, சீப்புகளுக்கு நடுவே நன்றாகப் பழுத்த பழம் ஒன்றை வைத்து மூடுங்கள். அது விடும் எத்திலீன் வாயுதான் காய்களைப் பழுக்கத் தூண்டுகிறது. தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே வேர்த்திருந்தால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காம்பில் பூஞ்சை பிடிக்கும்.

காயை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். சுமார் 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுக்கும். அப்புறம் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. நான் அப்படிக் கெடுத்த சீப்பு எரிசேரிக் கறிக்குத்தான் போனது.

புட்டுக்குப் பிசைய என்றால், தோலில் கரும்புள்ளி விழும்வரை பொறுங்கள். மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாகியிருக்கும்.