காயம் ஆறினாலும் நரம்பு அடங்காது

வெள்ளவத்தையில் என்னிடம் பிசியோதெரபி பழக வரும் பிள்ளைகள் நான் விட்ட அதே பிழைகளை வரிசை மாறாமல் விடுகிறார்கள். ஐஸ் வைப்பதா, சூடு வைப்பதா என்ற குழப்பமெல்லாம் தானாகத் தெளிந்துவிடும். அதை விடுவோம்.

"எல்லாம் ஆறிவிட்டது, இனி நோகாது"

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அன்ரி வந்தார். இடது தோளில் அக்கி வந்து மாறி நாலு மாதம். தழும்பு மட்டும்தான் மிச்சம். சேலைத் தலைப்பு பட்டாலே நெருப்பாய் எரிகிறது என்று அதை வலது கையால் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். "ஒன்றுமில்லை அன்ரி, யோசிக்காதேங்கோ" என்றேன். ஆறு மாதமாக ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது தோள் இறுகிவிட்டது. துணி உரசும் என்று கையை அசைக்காமலே இருந்திருக்கிறார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சும்மா இருக்கும் நரம்புக் கலத்தின் உள்ளே மின்னழுத்தம் சுமார் −70 மில்லிவோல்ட். அது −55 வரை ஏறினால் சோடியம் வாயில்கள் திறந்து மின்துடிப்பு ஓடும். பழுதான நரம்பில் இந்த வாயில்கள் கண்டபடி குவிவதால், யாரும் தொடாமலே துடிப்பு கிளம்பும். அது ஓயாமல் முண்ணாணுக்குப் போக, அங்கே கலங்களில் செய்தியை வாங்கும் வாயிலான என்எம்டிஏ ஏற்பியை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகி, கல்சியம் உள்ளே நுழையும். அப்புறம் அந்தக் கலம் சிறு தூண்டலுக்கும் துள்ளும். வெறும் தொடுகையும் நோவாகவே மூளைக்குப் போகும். காயத்துக்குப் பின் முண்ணாணே இப்படிக் கூருணர்வு கொள்வதை நோவு ஆராய்ச்சியாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் 1983இலேயே காட்டிவிட்டார். பரீட்சையில் இதை எழுதி மார்க்ஸ் வாங்கியவன்தான் நானும்!

டொக்டர் மருந்து எழுத, தோளைத் தொடுகைக்குப் பழக்க நான் பஞ்சால் தடவித் தொடங்கினேன். அடுத்தது அன்ரியே கொண்டுவந்த பழைய நூல்சேலைத் துண்டு. கை தலைக்கு மேல் போக எட்டு மாதம் எடுத்தது.

"பிரமை"

நோகுது என்று வருபவரிடம் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே வேண்டாம்.

நரம்புச் சோதனை நோர்மல் என்றால்

வழக்கமான மின்கடத்தல் சோதனை தடித்த இழைகளைத்தான் அளக்கும். எரிவைச் சுமக்கும் மெல்லிய சி இழைகள் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றருக்கு மேல் கடத்தாதவை, அதில் அகப்படாது. கால் எரியுது என்று வரும் சலரோகக்காரரை அந்தத் தாளைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள்.

பிரிகபாலின்

நரம்பு நோவுக்குக் கொடுக்கும் இந்த மருந்தை நோ குறைந்த அன்றே நிறுத்தச் சொன்னால் வியர்வை, தூக்கமின்மை என்று வேறு தொல்லை தொடங்கும். மெல்ல மெல்லக் குறைப்பது டொக்டரின் வேலை.