கற்றை விலகியதற்குக் காரணம் நாசில்

எங்களுடையது லேசர்-பிளாஸ்மா முடுக்கி: நாசில் என்ற நுண்துளை முனை பீய்ச்சும் நைட்ரஜனை லேசர் துடிப்பு பிளாஸ்மாவாக்கி (மின்னேற்றம் பெற்ற வாயு) அதில் அலை எழுப்பும், அந்த அலை எலெக்ட்ரான்களை முடுக்கும். நொடிக்கு 1000 முறை, சில மில்லிஜூல் லேசர் துடிப்புகள். காலையில் நேராக வரும் எலெக்ட்ரான் கற்றை மதியத்துக்குள் திரையின் ஓரத்துக்குப் போய்விடும். லேசர் குவியத்தைப் படமெடுத்தோம், மாற்றமே இல்லை. அப்புறம் நைட்ரஜன் வரும் நாசிலைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தால், உலோக விளிம்பு ஒரு பக்கம் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. பிளாஸ்மா அதற்கு 100 மைக்ரான் பக்கத்திலேயே எரிகிறதே! வாயுவின் அடர்த்தி கோணினால் கற்றையும் கோணும்.

குவார்ட்ஸ் நாசிலுக்கு மாறினோம். அதன் வாயில் ஒரு பக்கம் மட்டும் சின்னத் தடுப்பு. மீயொலி வேகத்தில் வரும் வாயு அதில் மோதிச் சாய்வான அதிர்ச்சி அலையாகிறது. அது தரும் செங்குத்தான அடர்த்திச் சரிவில்தான் எலெக்ட்ரான்கள் பிளாஸ்மா அலைக்குள் ஏறுகின்றன. பிளாஸ்மாவையும் விளிம்பிலிருந்து தள்ளி வைக்கலாம். பிரான்ஸின் பலேசோவில் இந்த முறையில் 5 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டி 2020-இல் வெளியிட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் இப்போது மாலை வரை கற்றை இடம் மாறுவதில்லை.