அப்பத்தாவின் தகரப் பெட்டியில் ரங்கூன்

மழை தொடங்கும் முன்பே பழைய போட்டோக்களை வெளியே எடுத்துவிடுங்கள். யங்கூன் (பழைய ரங்கூன்) ஈரத்தில் அப்பத்தாவின் தகரப் பெட்டிக்குள் நான்கு படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அவசரப்பட்டு நான் பிரித்ததில் தாத்தாவின் முகமே போய்விட்டது. இன்றும் மனம் ஆறவில்லை. கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் உரிக்காதீர்கள். சட்டத்தோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். மற்றவற்றை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள்.

எந்த வருஷம் என்று தெரியவில்லையா? தெருவைப் பாருங்கள். கார்கள் இடப்பக்கம் ஓடினால் 1970 டிசம்பருக்கு முந்தைய படம். அப்போதுதான் பர்மா வலப்பக்கத்துக்கு மாறியது. (படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம்; கடைப்பலகை எழுத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.) பலகையில் ஃபிரேசர் தெரு என்றிருந்தால் அது இன்றைய அனோரத்தா சாலை, நம் காளியம்மன் கோவில் இருக்கும் சாலை.

பெரியவர்களிடம் "இது யார்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பக்கத்துக் கடையில் என்ன விற்றார்கள்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் அப்பத்தா, படத்துக்கு வெளியே இருந்த மொஹிங்கா (பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்) கடையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அந்தக் குரலை ஃபோனில் பதிவு செய்துவைத்திருக்கிறேன். பெயர்களைப் படத்தின் பின்புற ஓரத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.