காலையில் மட்டும் பிழைவிட்ட டைமர்

பிராக்கெட் ரேஸ் என்ற நேர்கோட்டு வண்டிப் போட்டியில் ஓடுமுன் நாமே குறித்துக்கொடுக்கும் டயல்-இன் நேரத்தை ஒட்டி வர வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் பிரேக் அவுட், பொதுவாகத் தோல்விதான். ஆகவே நம்பகமான டைமர் இல்லாமல் பழகிப் பயனில்லை.

திருகோணமலை உப்புவெளி வளவில் மருமகனின் கோ-கார்ட்டுக்குப் பூட்டிய அகச்சிவப்பு டைமர் பின்னேரம் ஒழுங்காக ஓடியது. வண்டி கோட்டில் கதிரை அறுத்ததும் அது நிற்க வேண்டும். காலையிலோ, வண்டி கோட்டைத் தொடமுன்னமே டைமர் நின்றுவிடும். பற்றரி, வயர் எல்லாம் மாற்றினேன், கிளட்சையும் கழற்றிப் பார்த்தேன். சரிவரவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: முகில் மூடிய காலைகளில் பிழையே இல்லை. ரிசீவரின் கண் கிழக்கே கடலைப் பார்த்திருந்தது; எழும் வெயில் நேரே உள்ளே விழ, கதிர் அறுந்ததாகவே அது எடுத்துக்கொண்டது. ரிசீவரையும் கதிர் அனுப்பும் பெட்டியையும் இடம் மாற்றி, கண்ணுக்கு முன் சாண் நீளக் கறுப்புக் குழாய் மாட்டினேன். இப்போது கண் மேற்கே பார்ப்பதால், பின்னேரம் தாழும் வெயிலுக்கு அந்தக் குழாய் கட்டாயம் வேண்டும். அப்பாடா, இப்போது இரு வேளையும் நேரம் ஒத்து வருகிறது.