டான் கார்ட்டரோட 1598 பாயிண்ட்ட எப்படிப் பிரிச்சுப் பாக்கணும்

ரக்பி புதுசா பாக்க ஆரம்பிச்சவங்க மொத மொதல்ல கேக்குறது இன்டர்நேஷனல் ரக்பில அதிக பாயிண்ட் எடுத்தது யாருன்னுதான். பதில் சிம்பிள், நியூசிலாந்தோட டான் கார்ட்டர், 112 டெஸ்ட்ல (நாட்டு டீமுங்க மோதுற மேட்ச்) 1598 பாயிண்ட், 2003ல ஆரம்பிச்சு 2015ல முடிச்சாரு, இன்னிக்கு வரைக்கும் யாரும் அத தாண்டல. ஆனா இந்த நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிட்டா அந்த மனுஷன் எப்பேர்ப்பட்ட பிளேயர்னு பிடிபடவே பிடிபடாது, ஏன்னா ரக்பில ஒரு கிக்கர் எடுக்குற பாயிண்ட்ல பெரும்பகுதி டீம்ல மத்த 14 பேர் முட்டி மோதி வாங்கிக் குடுக்குறது, கடைசி வேலையத்தான் அவரு கால் செய்யுது. அதனால அந்த 1598ஐ எப்படிப் பிரிக்கணும், எந்த மேட்ச்ச எந்த வரிசைல பாக்கணும்னு சொல்றேன். இதே முறைய வேற எந்த பிளேயருக்கும் போட்டுப் பாக்கலாம்.

மொதல்ல பாயிண்ட் கணக்கு தெளிவா இருக்கணும். எதிர் டீமோட கோல் லைனத் தாண்டி பந்த தரைல அழுத்துனா ட்ரை, 5 பாயிண்ட். ட்ரை போட்டதும் ஒரு கிக் கிடைக்கும், அது கன்வர்ஷன், உள்ள போனா 2. எதிர் டீம் தப்பு பண்ணி பெனால்டி கிடைச்சு அத கோலுக்கு அடிச்சா 3. ஆட்டம் ஓடிட்டிருக்கும்போதே பந்த கைல இருந்து கீழ விட்டு, அது தரைல பட்டு எழும்புறப்போ உதைச்சு போஸ்ட்டுக்கு நடுவுல க்ராஸ்பாருக்கு மேல அனுப்புனா ட்ராப் கோல், அதுவும் 3. இதுல கன்வர்ஷன நல்லா கவனிங்க, ட்ரை எங்க விழுந்துச்சோ அதுக்கு நேரா பின்னாடி வந்துதான் பந்த வைக்கணும், அதனால போஸ்ட்டுக்குக் கீழ விழுந்த ட்ரைக்கும் மூலைல விழுந்த ட்ரைக்கும் அதே 2 பாயிண்ட்தான்னாலும் கிக்கருக்கு அது ரெண்டும் ஒண்ணே இல்ல. இன்னொண்ணு, 1971ல இருந்து 1992 வரைக்கும் ட்ரைக்கு 4 பாயிண்ட்தான், பழைய ஆளுங்களோட கம்பேர் பண்ணும்போது இத மறந்துடாதீங்க.

இப்ப ஒரு பேப்பர் எடுத்து 1598ஐ உடைங்க. கார்ட்டரோட கணக்கு 29 ட்ரை, 293 கன்வர்ஷன், 281 பெனால்டி, 8 ட்ராப் கோல். பெருக்கிப் பாருங்க, 145, 586, 843, 24, கூட்டுனா கரெக்டா 1598 வரும். இத நீங்களே கைப்பட போட்டுப் பாக்கணும்னு நான் அடிச்சு சொல்வேன், ஏன்னா அப்பதான் கன்வர்ஷன் எண்ணிக்கை பெனால்டி எண்ணிக்கைய விட ஜாஸ்தியா இருக்கறது கண்ணுல படும். பக்கத்துலயே அவருக்கு முன்னாடி ரெக்கார்ட் வெச்சிருந்த இங்கிலாந்தோட ஜானி வில்கின்சன் கணக்கையும் எழுதுங்க, 7 ட்ரை, 169 கன்வர்ஷன், 255 பெனால்டி, 36 ட்ராப் கோல், மொத்தம் 1246. பாத்தீங்களா, அங்க பெனால்டி ரொம்ப மேல, ட்ராப் கோல் நாலு மடங்குக்கும் மேல. கன்வர்ஷன் அதிகமா இருக்குன்னா அந்த டீம் ட்ரை மேல ட்ரை போட்டுட்டே இருந்துச்சுன்னு அர்த்தம், பெனால்டியும் ட்ராப் கோலும் தூக்கலா இருந்தா எதிராளி பக்கத்துலயே போய் அழுத்தம் குடுத்து மூணு மூணா சேத்து ஜெயிச்ச டீம்னு அர்த்தம். கிக்கரோட கணக்குல டீமோட ஆட்டம் முழுசா எழுதியிருக்கு. ரெண்டு பேர்ல யாரு பெரிய ஆளுன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி இத பாத்துட்டு போடுங்க.

வில்கின்சன் பேர் வந்ததால ஒரு குழப்பத்தையும் தீத்துடலாம். சில எடத்துல அவருக்கு 1179ன்னு போட்டிருக்கும், சில எடத்துல 1246ன்னு போட்டிருக்கும், ரெண்டுமே சரிதான். 1179 இங்கிலாந்துக்கு மட்டும் எடுத்தது, மிச்சம் 67 பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் டீமுக்கு எடுத்தது. லயன்ஸ்ங்குறது நாலு வருஷத்துக்கு ஒரு தடவ இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆளுங்கள சேத்து தெக்க டூர் போற டீம், அந்த டெஸ்ட்டும் இன்டர்நேஷனல் கணக்குல வரும். வேல்ஸோட ஆலன் வின் ஜோன்ஸுக்கு 158 மேட்ச்சா 170 மேட்ச்சான்னு வர்ற குழப்பமும் இதேதான், லயன்ஸுக்கு ஆடுன 12 டெஸ்ட் சேந்தா 170. கிளப்புக்கு எடுத்த பாயிண்ட் எதுவும் இதுல சேராது.

அடுத்து ஆவரேஜ். கிரிக்கெட்ல மொத்த ரன்ன விட ஆவரேஜ் நிறைய சொல்ற மாதிரி இங்கயும் மேட்ச்சுக்கு எத்தனைன்னு வகுத்துப் பாருங்க. கார்ட்டர் மேட்ச்சுக்கு 14.27, வில்கின்சன் 97 டெஸ்ட்ல கிட்டத்தட்ட 12.85. ஆனா ஆவரேஜும் முழுக் கதைய சொல்லாதுங்குறதுக்கு நியூசிலாந்துலயே நல்ல உதாரணம் இருக்கு. கிராண்ட் ஃபாக்ஸ், 1985ல இருந்து 1993 வரைக்கும் ஆடுனவரு, 46 டெஸ்ட்ல 645 பாயிண்ட், மேட்ச்சுக்கு 14.02, அதாவது கார்ட்டர் கூட கிட்டத்தட்ட சமம், அதுவும் பெரும்பாலும் ட்ரைக்கு 4 பாயிண்ட் இருந்த காலத்துல. ஆனா ஃபாக்ஸ் அந்த 46 டெஸ்ட்ல போட்ட ட்ரை ஒண்ணே ஒண்ணு. கார்ட்டர் 112ல 29. ரெண்டு பேருமே 10ம் நம்பர் (பந்த வாங்கி அடுத்து பாஸா கிக்கான்னு முடிவு பண்ற எடம்) போட்டு ஆடுனவங்க, ஒருத்தரு பின்னாடி நின்னு ஆட்டத்த நடத்துனவரு, இன்னொருத்தரு பந்த வாங்குன அடுத்த நொடியே கேப்ப பாத்து உள்ள பூந்துடுவாரு. என்னப் பொறுத்தவரைக்கும் கார்ட்டரோட ரெக்கார்ட்ல மிக உசந்த நம்பர் 1598 இல்ல, அந்த 29தான், மொத்த பாயிண்ட்ல 10 சதவீதம் கூட வராது, ஆனா அவரு யாருன்னு அதுதான் காட்டுது.

இதுக்கப்புறம் மேட்ச் லிஸ்ட்ட எடுத்து வருஷ வாரியா பாருங்க, ஆடுன மேட்ச் மட்டும் இல்ல, ஆடாத எடமும் பாருங்க. 2003 ஜூன் 21 ஹாமில்டன்ல வேல்ஸுக்கு எதிரா மொத டெஸ்ட், 20 பாயிண்ட், அப்ப அவரு 12ம் நம்பர், 10க்கு பக்கத்து எடம். 10க்கு வந்தது அடுத்த வருஷக் கடைசிலதான். 2007 உலகக் கோப்பை குவார்ட்டர் ஃபைனல், கார்டிஃப், பிரான்ஸ் கூட ஆடும்போது காயத்தோட வெளிய வந்துட்டாரு, டீம் 20-18ன்னு தோத்துச்சு, கடைசி நிமிஷங்கள்ல ஒரு ட்ராப் கோல் போதும், லூக் மெக்அலிஸ்டர் தூரத்துல இருந்து அடிச்சும் பாத்தாரு, உள்ள போகல. இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். 2009ல பிரான்ஸ்ல பெர்பின்யான் கிளப்புக்கு போன எடத்துல குதிகால் தசைநாண் போச்சு. 2011 உலகக் கோப்பை சொந்த நாட்டுல, கனடா மேட்ச்சுக்கு அவரையே கேப்டன்னு அறிவிச்சாச்சு, முந்தின நாள் பிராக்டிஸ்ல கோல் கிக் அடிச்சிட்டிருக்கும்போதே தொடை இடுக்குல தசை கிழிஞ்சு அந்த உலகக் கோப்பையே முடிஞ்சுபோச்சு. அவருக்கு பதிலா வந்த காலின் ஸ்லேடும் ஆரன் க்ரூடனும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா காயமாகி, நாலாவதா கூப்ட்ட ஸ்டீஃபன் டொனால்ட் அடிச்ச பெனால்டிலதான் ஃபைனல் 8-7ன்னு ஜெயிச்சாங்க. 2013 நவம்பர் 16, ட்விக்கன்ஹாம், நூறாவது டெஸ்ட், மொத பாதிலயே மறுபடி குதிகால் பிரச்சினைல வெளிய. 2014ல சூப்பர் ரக்பிங்குற கிளப் போட்டியோட ஃபைனல்ல கால் எலும்பு உடைஞ்சுது. இத்தன ஓட்டைக்கு நடுவுல வந்த 1598 அது. ஒரு கிக்கருக்கு கால்தான் எல்லாமே, அந்தக் காலே திரும்பத் திரும்ப கைவிட்டும் இந்த ஆளு திரும்பி வந்துட்டே இருந்தாருன்னு நினைக்கும்போது எனக்கு அந்த ரெக்கார்ட் மேல மரியாதை கூடுது.

இப்ப மேட்ச் பாக்கலாம். எல்லாத்தையும் பாக்க நேரம் இருக்காது, மூணு போதும்.

மொதல்ல 2005 ஜூலை 2, வெலிங்டன், லயன்ஸுக்கு எதிரான ரெண்டாவது டெஸ்ட். ஒரு 10ம் நம்பர் ஆளு ஒரு மேட்ச்ல என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் ஒரே எடத்துல வேணும்னா இதுதான். ஆரம்பத்துலயே லயன்ஸ் ட்ரை போட்டு முன்னாடி போயிடுவாங்க, அப்புறம் கார்ட்டர் 2 ட்ரை, 4 கன்வர்ஷன், 5 பெனால்டின்னு தனியா 33 பாயிண்ட், ஸ்கோர் 48-18. பாக்கும்போது பந்து பின்னாடியே கண்ண ஓட விடாதீங்க, ஸ்க்ரம் (ரெண்டு டீமும் எட்டு எட்டு பேரா கோத்து முட்டித் தள்றது) இல்லன்னா ரக் (தரைல கிடக்குற பந்துக்கு மேல நின்னு தள்றது) நடக்கும்போதே 10ம் நம்பர் எங்க நிக்குறாருன்னு பாருங்க. எதிர் டிஃபென்ஸுக்கு ரொம்ப கிட்டத்துல நிப்பாரு, பந்து வர்றதுக்கு முன்னாடியே தலைய தூக்கி பின்னாடி யாரு காலியா விட்டிருக்காங்கன்னு ஒரு தடவ பாத்துடுவாரு. இடது ஓரமா ஓடி ஆள இழுத்துட்டு உள்பக்கம் கேப்டன் தானா உமாகாக்கு குடுக்குற பந்த ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணி பாருங்க, பாஸ் குடுக்க அவரு எவ்ளோ நேரம் காத்திருக்காருன்னு தெரியும். அந்த மேட்ச்ல லயன்ஸுக்கு 10ம் நம்பர் வில்கின்சன், அவரு எடுத்தது 8 பாயிண்ட், ரெக்கார்ட்ட ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பிடிக்கப்போற ரெண்டு பேரும் அன்னிக்கு ஒரே கிரவுண்ட்ல நின்னாங்க.

அடுத்த ரெண்டும் 2015 உலகக் கோப்பை, ரெண்டும் ட்விக்கன்ஹாம். செமி ஃபைனல் தென்னாப்பிரிக்கா கூட, மொத பாதி முடியும்போது நியூசிலாந்து 7-12ன்னு பின்னாடி, ஒரு ஆள் மஞ்சக் கார்டு வாங்கி வெளிய, 14 பேரோட ரெண்டாவது பாதி ஆரம்பிக்குறாங்க, அந்த நேரத்துல கார்ட்டர் ஒரு ட்ராப் கோல் அடிக்குறாரு, கடைசில 20-18. ஃபைனல் அக்டோபர் 31, ஆஸ்திரேலியா கூட. 21-3ன்னு இருந்த ஸ்கோர ஆஸ்திரேலியா 21-17க்கு கொண்டு வந்துட்டாங்க, கார்ட்டர் கிட்டத்தட்ட 40 மீட்டர்ல இருந்து சட்டுன்னு ட்ராப் கோல், 24-17, கொஞ்ச நேரத்துல பாதி கிரவுண்ட் பக்கத்துல இருந்து ஒரு பெனால்டி, 27-17, முடிஞ்சது. மொத்தம் 34-17ல அவரு எடுத்தது 19. இப்ப திரும்பி பேப்பரப் பாருங்க, 112 டெஸ்ட்ல மொத்தமே 8 ட்ராப் கோல், அதுல ரெண்டு அவரோட கடைசி ரெண்டு டெஸ்ட்ல. 2007ல கார்டிஃப்ல டீமுக்கு கிடைக்காம போன அந்த ஒரு ட்ராப் கோல ஞாபகம் வெச்சுக்க சொன்னேன்ல, அது இதுக்குத்தான். இத்தன வருஷம் அதிகம் தொடாத ஒரு ஆயுதத்த மிகத் தேவையான நேரத்துல எடுத்தாரு, மொத்த கணக்குல அது வெறும் 6 பாயிண்ட்.

ஃபைனல கடைசி வரைக்கும் பாருங்க, பாதில நிறுத்திடாதீங்க. பியூடன் பேரட் ட்ரைக்கு அப்புறம் வர்ற கன்வர்ஷன இடது கால்காரரான கார்ட்டர் வலது கால்ல அடிச்சிருப்பாரு, ஆல் பிளாக்ஸுக்கு (நியூசிலாந்து டீமோட பேரு) அவரு எடுத்த கடைசி 2 பாயிண்ட் அதுதான்.

இந்த முறை பழகிட்டா அடுத்து ட்ரை ரெக்கார்ட்ல போட்டுப் பாருங்க, அங்க இன்னும் சுவாரசியம். ஜப்பானோட டைசுகே ஒஹாதா 58 டெஸ்ட்ல 69 ட்ரை, தென்னாப்பிரிக்காவோட பிரையன் ஹபானா 124 டெஸ்ட்ல 67. ஒஹாதா ஆஸ்திரேலியாவோட டேவிட் கம்பீஸோட 64ஐ 2006ல தாண்டுனாரு. இங்க ஆவரேஜ் போட்டா ஒஹாதா எங்கயோ போயிடுவாரு, அதனால மேட்ச் லிஸ்ட்ல எதிர் டீம் யாருங்குறத மொதல்ல படிங்க, ஆசியப் போட்டிகள்ல பலம் கம்மியான டீமுங்க கூட வந்த ட்ரை எவ்வளவுன்னு தனியா எண்ணி எழுதுங்க. ஹபானாவுக்கு உலகக் கோப்பைல மட்டும் 15, நியூசிலாந்தோட ஜோனா லோமு வெச்சிருந்த அதே எண்ணிக்கை. அதுக்காக ஒஹாதாவ தள்ளி வெச்சிடாதீங்க, விங்ல (கிரவுண்டோட ஓரத்துல) ஓடுற வேகத்துக்கு அவரு வீடியோ கண்டிப்பா பாக்கணும், பெரிய டீமுங்களுக்கு எதிரா ஆடுனத முதல்ல தேடி எடுங்க.