பழைய துணியில் நினைவைத் தைக்கும் முறை

மனத்தைக் காயப்படுத்திய நிகழ்வொன்றைப் பூத்தையலில் சொல்ல விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடையில் புதுத் துணி வாங்குவதிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்பேன். 1911-இல் பாரிஸில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் குடும்பத் தொழில், பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடுவது. திரைச்சீலையின் அடிப்பகுதியே முதலில் நைந்துபோகும் என்பதால், அங்குள்ள உருவங்களின் அழிந்துபோன பாதங்களைச் சிறுமி லூயிஸ் வரைந்து கொடுப்பார். அதே வீட்டில் தங்கி ஆங்கிலம் கற்பித்த பெண்ணுடன் தந்தை நெடுங்காலம் உறவு வைத்திருந்ததும், தாய் அதைப் பொறுத்துக்கொண்டதும் அவருக்கு ஆறாத புண்ணாயின. பெண்ணியவாதிகள் முன்னோடியாகக் கொண்டாடிய இவர், 2002-இல், தொண்ணூறு வயதில், தம் கல்யாணச் சீரில் வந்த, பெயரெழுத்துப் பொறித்த லினன் துண்டுகளையே பக்கங்களாக்கி ஒரு துணிப்புத்தகம் உருவாக்கினார். மறதியைப் பாடுவது என்பது அதன் தலைப்பின் பொருள்.

ஆகவே, நீங்கள் சொல்லப்போகும் காலத்தில் உங்களோடு இருந்த பருத்தித் துணியாக எடுங்கள். தலையணை உறையோ பழைய சேலையோ போதும். துவைத்து, தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இற்றுப்போன இடங்கள் தெரியும். அங்கே மெல்லிய மல் துணியை அடியில் வைத்து ஒட்டுப்போட வேண்டும். கறை இருந்தால் அதைப் போக்க மெனக்கெட வேண்டாம்.

நூலில்தான் பலர் தவறுகிறார்கள். சிவப்பு நூல் சாயம் விடக்கூடும் என்பதால், ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆறு இழை நூலில் இரண்டு இழைகளை மட்டும் பிரித்து, ஒரு முழத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். நீளமான நூல் சிக்கிக்கொள்ளும், சிக்கெடுக்கும் எரிச்சலில் சொல்ல வந்ததே மறந்துவிடும். எழுத்துகளுக்கு, ஒவ்வொரு தையலையும் பின்னோக்கிப் போட்டு இடைவெளியில்லாத கோடாக்கும் பின்தையல் ஏற்றது. தமிழ் எழுத்துகளில் வளைவு அதிகம் என்பதால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான உயரத்தில் எழுத வேண்டாம். ‘ண’வின் சுழிகளில் தையலை அரிசியில் பாதியளவுக்குக் குறைத்தால்தான் அவை கோணலாகாமல் வரும்.

முழுக் கதையையும் பென்சிலால் வரைந்துகொண்டு தைக்க உட்காராதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போதும். கை நடுங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஊசியைத் துணியில் செருகி எழுந்துவிடுங்கள். அந்தக் கலக்கம் நாட்கணக்கில் தொடர்ந்தால் மனநல ஆலோசகரிடம் பேசுவது அவசியம், தையல் அதற்கு ஈடாகாது. எழும்போது, துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் துணியில் தழும்பு விழும்.

யாருக்குக் காட்டுவது என்பதையும் துணியிலேயே தீர்மானிக்கலாம். பூர்ஷ்வா தம் புத்தகத்தின் பக்கங்களைப் பொத்தான் துளைகள் வழியே கோத்திருந்தார்; அவ்வாறு கோத்தால், பிறர் பார்க்க விரும்பாத பக்கத்தைத் தனியே உருவி எடுத்துவிட முடியும்.

முடிவு வராவிட்டாலும் பாதகமில்லை. 1830 வாக்கில் இங்கிலாந்தில் எலிசபெத் பார்க்கர் என்ற பணிப்பெண், முதலாளியிடம் பட்ட கொடுமையைச் சிவப்புப் பட்டு நூலால் நுண்ணிய குறுக்குத் தையலில் வரிவரியாகத் தைத்தார்; வாக்கியம் பாதியில் நிற்க, கீழே வெறும் துணி கிடக்கிறது. அதை இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. நீங்களும் அப்படி நிறுத்தலாம். நூலை மட்டும் வெறும் முடிச்சோடு விடாமல், பின்பக்கத்தில் நான்கைந்து தையல்களுக்கு அடியில் நுழைத்து இழுத்து, ஒட்ட வெட்டிவிடுங்கள்.