கிறுக்கு யோசனைகளை வைத்து ஒரு வானொலி விளையாட்டு நடத்துவது எப்படி

2005-ல் பிபிசி ரேடியோ 4-ல் 'ஜீனியஸ்' என்ற நகைச்சுவை விளையாட்டு ஆரம்பித்தது. நடத்தியவர் நகைச்சுவைக் கலைஞர் டேவ் கோர்மன். பொதுமக்கள் தங்களுக்குத் தோன்றிய விநோதமான யோசனைகளை அனுப்புவார்கள். யோசனைக்காரர் அரங்குக்கே வந்து அதை விளக்குவார். அந்த வாரத்து விருந்தினர் குடைந்து குடைந்து கேள்வி கேட்டுவிட்டு, 'ஜீனியஸ்' என்றோ 'ஜீனியஸ் இல்லை' என்றோ தீர்ப்புச் சொல்வார். அவ்வளவுதான் ஆட்டம். 2009-ல் அது பிபிசி 2 தொலைக்காட்சிக்கும் போனது. எனக்கு வானொலியில் கேட்டதுதான் மனதில் நிற்கிறது. பொருளைக் காட்ட முடியாது, வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லும் விதத்திலேயே அந்த மனிதர் யார் என்று தெரிந்துவிடும்.

நான் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனை வானொலியில் தன்னார்வலர். நோயாளிகளுக்காக மட்டும் நடக்கும் இந்த மாதிரி வானொலிகள் இங்கே பல ஊர்களில் உண்டு. முதலாவது 1925-ல் யார்க் நகரத்து மருத்துவமனையில் தொடங்கியது. மாலையில் வார்டு வார்டாகப் போய், யாருக்கு என்ன பாட்டு வேண்டும் என்று எழுதி வந்து போடுவோம். ஆறு வருடமாக, புதன்கிழமைகளில் பாட்டோடு சேர்த்து இந்த ஆட்டத்தையும் சிறிய அளவில் நடத்துகிறோம். ஒரு மைக்கும் கேட்க நாலு பேரும் இருந்தால் கல்லூரியிலோ குடியிருப்பிலோ நீங்களும் நடத்தலாம்.

முதல் வேலை யோசனைகளைச் சேகரிப்பது. "உங்களிடம் ஏதாவது புது யோசனை இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். பத்தில் பத்துப் பேரும் இல்லை என்பார்கள். "தினமும் உங்களை எரிச்சல்படுத்துகிற சின்ன விஷயம் எது?" என்று கேளுங்கள். உடனே ஆரம்பித்துவிடுவார்கள். பேசி முடிக்கும்வரை விடுங்கள். அப்புறம், "சரி, இதைச் சரிசெய்யும் அதிகாரம் முழுக்க உங்கள் கையில்தான். என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். யோசனை அப்போதுதான் வரும். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் திருத்தி அழகாக எழுதினால் உயிர் போய்விடும்.

மருத்துவமனையாக இருந்தால் சில ஒழுங்குகள் உண்டு. வார்டுப் பொறுப்பு நர்ஸிடம் அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், ஒவ்வொருவரிடம் போகும் முன்னும் கைகழுவும் ஜெல் போடுங்கள். ஒலிபரப்பில் முதல் பெயர் மட்டும் போதும். என்ன நோய், எந்த வார்டு என்பது எந்தக் காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது. சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இருபது யோசனை வந்தால் மூன்றைத்தான் எடுப்போம். ஏற்கெனவே கடையில் கிடைப்பதைத் தள்ளிவிடுங்கள். 'எல்லாருக்கும் இலவச ரயில்' மாதிரி வெறும் ஆசைகளையும் தள்ளுங்கள், அவற்றில் கேள்வி கேட்க எதுவும் இல்லை. யாரோ ஒரு கூட்டத்துக்குத் தண்டனை கொடுக்கும் யோசனைகளை எவ்வளவு சிரிப்பு வந்தாலும் எடுக்காதீர்கள். கேட்பவர்களில் அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர் படுத்துக்கொண்டிருப்பார். மீதியில் எது நல்லது? கடுகளவு தொல்லைக்கு மலையளவு ஏற்பாடு செய்யும் யோசனை. அதுதான் தங்கம்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். இங்கே பல ஊர்களில் ஒரு வாரம் ஒரு நிறக் குப்பைத் தொட்டி, அடுத்த வாரம் வேறு நிறத் தொட்டி. எந்த வாரம் எதை வாசலில் வைப்பது என்பது தெருவுக்கே குழப்பம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சொன்னார்: "தெருவிளக்கு அந்த வாரத்துத் தொட்டியின் நிறத்தில் எரியட்டும்." பச்சைத் தொட்டி வாரத்தில் தெருவே பச்சை. எங்கள் விருந்தினர் மருந்தகத்தில் வேலை பார்க்கும் பெண். அவர் நிதானமாகக் கேட்டார்: "தோட்டக் குப்பைக்குப் பழுப்புத் தொட்டி ஆயிற்றே, அதற்கு?" "பழைய சோடியம் விளக்கின் ஆரஞ்சு போதும், கிட்டத்தட்ட அதே நிறம்தான்." "சரி, கறுப்புத் தொட்டிக்கு?" மைக்கில் நாலு நொடி சத்தமே இல்லை. அப்புறம் தபால்காரர் சொன்னார்: "அன்றைக்கு விளக்கு எரியாது." "திருடன் வந்தால்?" "அவனும் தொட்டியில் தடுக்கி விழுவான். சத்தம் கேட்கும்."

இந்த உரையாடலில் ஒருவர்கூட வேடிக்கை காட்ட முயலவில்லை. நாளைக்கே நகரசபையில் நிறைவேறப்போகிற திட்டம் போல விருந்தினர் கேட்டார், தபால்காரரும் அப்படியே பதில் சொன்னார். சிரிப்பு தானாக வந்தது. ஆகவே கேள்விகளைத் தயார் செய்யும்போது நக்கலைத் தேடாதீர்கள். யார் செலவு செய்வது? மழை பெய்தால்? ஊரே இதைச் செய்ய ஆரம்பித்தால்? உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்? இந்த நாலு கேள்வியே போதும். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், நல்ல பதில்கள் பெரும்பாலும் அதற்குத்தான் வரும்.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். முதல் வருடம், மேடைப் பேச்சில் கெட்டிக்காரர் என்று ஒருவரை விருந்தினராக அழைத்தோம். யோசனை சொன்ன முதியவரை அவர் வார்த்தைக்கு வார்த்தை மடக்கினார். முதியவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். நாங்கள் அதை அப்படியே ஒலிபரப்பினோம். அடுத்த வாரம் அந்த வார்டில் ஒரு யோசனைகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து தொகுப்பாளர் எப்போதும் யோசனைக்காரரின் கட்சி. விருந்தினர் மடக்கினால், "இல்லை, இதற்கு வழி இருக்கிறது, பொறுங்கள்" என்று யோசனைக்காரருக்குத் தோள் கொடுக்கவேண்டும். விருந்தினராகச் சிரிக்கவைப்பவரைத் தேடாதீர்கள். நிஜமாகவே யோசிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள்: மின்சார வேலை பார்ப்பவர், தேநீர் வண்டி தள்ளுபவர், கணக்கு ஆசிரியை. யோசனை என்ன என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

யோசனையைக் கிண்டலடிக்கத் தோன்றும்போது நான் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர் பெர்சி ஷாவை நினைத்துக்கொள்வேன். இருட்டுச் சாலையின் நடுவே கண்ணாடிக் கண்களைப் பதித்து, கார் விளக்கு பட்டதும் மின்னவைத்தவர். 1934-ல் காப்புரிமை வாங்கினார். சக்கரம் ஏறும்போது ரப்பர் அமுங்கி அந்தக் கண்ணைத் துடைத்துவிடும். இன்னொரு கண்டுபிடிப்பாளர் டிரெவர் பேலிஸும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பற்றிய செய்தியை மக்களிடம் சேர்க்க வானொலி வேண்டும், ஆனால் பேட்டரிக்குக் காசில்லை என்பதை 1991-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்த்து, சாவி கொடுத்தால் பாடும் வானொலியைச் செய்தார். கம்பெனிகள் கதவைச் சாத்தின. 1994-ல் புதுக் கண்டுபிடிப்புகளைக் காட்டும் பிபிசியின் 'டுமாரோஸ் வேர்ல்ட்' நிகழ்ச்சி அதைக் காட்டிய பிறகுதான் வழி பிறந்தது. இந்த இருவரும் நம் மைக் முன் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்போம்?

கண்ணுக்குத் தெரியாத பொருளைக் காதுக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. தேநீரில் நனைத்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிடுகிறது என்பது ஒரு பாட்டியின் வருத்தம். கோப்பைக்குள்ளேயே ஒரு சின்ன வலை தொங்கவேண்டும் என்றார். ஒரு பழைய தேநீர் வடிகட்டியின் கைப்பிடியை வளைத்துக் கோப்பை விளிம்பில் மாட்டினோம். மைக்கைக் கோப்பைக்கு ஒரு சாண் மேலே வைத்து, பிஸ்கட்டை முக்கி, நொடிகளை எண்ணினோம். 'சளக்' என்று விழும் சத்தம், பிறகு வலையை மேலே இழுக்கும்போது சொட்டுச் சொட்டாக வடிவது, அப்புறம் பாட்டி மெல்லும் சத்தம். விளக்கமே தேவைப்படவில்லை. முடிந்தவரை எதையாவது செய்து பாருங்கள். அட்டையும் ஒட்டுநாடாவும் போதும்.

நேரக் கணக்கு: ரேடியோ 4-ன் மாலை ஆறரை மணி நகைச்சுவை அரை மணி நேர அளவுதான், அதையே நாங்களும் வைத்துக்கொண்டோம். மூன்று யோசனை, ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நிமிடம். பதினைந்து நிமிடம் பதிவு செய்து பாதியாக வெட்டுவோம். தொகுப்பாளரின் பேச்சைத் தாராளமாக வெட்டுங்கள். யோசனைக்காரர் பதில் சொல்லும் முன் தயங்கும் மௌனத்தை மட்டும் தொடாதீர்கள். கறுப்புத் தொட்டிக்கு முந்திய அந்த நாலு நொடியை வெட்டியிருந்தால் அந்தப் பதிலுக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

தீர்ப்பு சொல்லும்போது காரணமும் சொல்லவேண்டும் என்று விருந்தினரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். 'இல்லை' என்றால், யோசனையில் எந்தப் பகுதியைத் தான் எடுத்துக்கொள்வேன் என்பதையும் சொல்லட்டும். தீர்ப்பை ஓர் அட்டையில் எழுதி மறுநாள் அவர் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மேஜை மேல் அதை நிறுத்திவைத்து வருபவர்களிடம் காட்டுவார்கள். அடுத்த வாரத்து யோசனைகள் பாதி அதைப் பார்த்தே வந்துவிடும்.

தபால்காரருக்கு 'ஜீனியஸ்' கிடைத்தது. கறுப்புத் தொட்டி மட்டும் தீராத பாக்கி என்று மருந்தகப் பெண் சொல்லியிருந்தார். தபால்காரர் வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்து எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு தபால் அட்டை வந்தது: "கறுப்புத் தொட்டி வாரத்தில் விளக்கு கண் சிமிட்டட்டும்." அடுத்த புதன்கிழமை முதல் பாட்டுக்கு முன்னாலேயே அதை வாசித்தோம்.